ஓடும்போதே நின்றுபோகும் கார்

கார் கோளாறுகளில் மெக்கானிக்கை அதிகம் அலைக்கழிப்பது எப்போதாவது ஒருமுறை மட்டும் தலைகாட்டும் கோளாறுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுரோட்டில் அணைந்துவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அரை நாள் ஓடவிட்டாலும் நிற்காது. டாக்டர் வீட்டு வாசற்படி ஏறியதும் காணாமல்போகும் பல்வலியைப் போன்றது இது. முழுதாகக் கெட்ட பாகம் எப்போது சோதித்தாலும் அகப்படும். பாதி கெட்ட பாகம், கெட்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே அகப்படும். அதனால் இந்தக் கோளாறைத் தேடும் வித்தை நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது: நின்ற கணத்தின் தடயத்தை எங்கே பத்திரப்படுத்துவது?

பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று வேண்டும்: காற்றோடு கலந்த பெட்ரோல், உரிய நேரத்தில் ஒரு பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம். அழுத்தம் திடீரென்று தொலைந்து பத்து நிமிடத்தில் தானாகத் திரும்பி வருவது அபூர்வம். எஞ்சுவது இரண்டு. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதை இன்றும் இரண்டே சொற்றொடரில் கேட்கிறார்கள்: கரண்ட் வரலையா, பெட்ரோல் வரலையா?

மோட்டார் காரின் முதல் நெடும்பயணத்திலேயே இரண்டும் நேர்ந்தன. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியை, 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை, சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார் என்றும், பொறிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியின் உறை தேய்ந்து கசிந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றி மறைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. எரிபொருளை வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் வாங்கினார். ஒன்று பெட்ரோல் கோளாறு, ஒன்று கரண்ட் கோளாறு. வழியோர மெக்கானிக் வேலையின் பாடத்திட்டம் அன்றே முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் கார்கள் பெருகின; நிற்பதற்கான காரணங்களும் பெருகின. பாட்டரி தீர்ந்தால் பொறி இல்லை என்ற நிலையை, ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1902-இல் கொண்டுவந்த உயர் மின்னழுத்த மேக்னெட்டோ மாற்றியது. என்ஜின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டதால் கரண்ட் பக்கம் கொஞ்சம் நிம்மதி. பெட்ரோல் பக்கம் நிலைமை வேறு. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் பம்ப் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருந்த டாங்க்கிலிருந்து பெட்ரோல் தன் எடையிலேயே, அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு இறங்க வேண்டும். டாங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் என்ஜின் பக்கம் உயர்ந்து, பெட்ரோல் இறங்காமல் வண்டி அணைந்துவிடும். சமதளத்துக்குத் தள்ளிவந்தால் ஸ்டார்ட் ஆகும். பழகிய டிரைவர்கள் அத்தகைய மேட்டில் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள். டாங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, கோளாறு தீர்ந்தது. பாகம் எதுவும் பழுதில்லை, இடம்தான் கோளாறு. எந்த இடத்தில் நின்றது என்ற கேள்வி அப்போதிருந்தே முக்கியமானது.

பெட்ரோலின் தரமும் அன்று நம்பும்படி இல்லை. பங்க் வருவதற்கு முன் பெட்ரோல் இரண்டு காலன் தகர டின்களில் விற்றது. டின்னின் துருவும் தண்ணீரும் டாங்க்குக்குள் போகாமலிருக்கப் புனலில் ஷாமி தோலை விரித்து வடிகட்டி ஊற்றுவது வழக்கம். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் டாங்க்கின் அடியில் தங்கும். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில் பெட்ரோல் அலம்பும்போது ஒரு துளி குழாய்க்குள் புகுந்து கார்புரேட்டரின் ஜெட் என்ற சிறு துளையில் உட்கார்ந்துகொள்ளும். வண்டி இரண்டு முறை விக்கி நிற்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தில் பெட்ரோலே அரிதாகி, பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயு கலன்களை வடிவமைத்துத் தயாரித்தது. வண்டியில் பொருத்திய உருளையில் மரக்கரி எரிந்து, அதிலிருந்து வரும் வாயு வடிகட்டிகள் வழியாக என்ஜினுக்குப் போகும். சாம்பல் வடிகட்டியை அடைக்கும். உருளைக்குள் கரித்துண்டுகள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நின்று, அடியில் வெற்றிடம் விழும். வாயு மெலிந்து பஸ் நின்றுபோகும். கம்பியால் குத்திக் கிளறினால் மறுபடி ஓடும். அந்த வகை வண்டியில் கோளாறு தேடுவது அடுப்பூதுவதற்குச் சமானம். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கலன்கள் காயலான் கடைக்குப் போயின.

இந்தியர்களுக்கு நெடுநாள் பழகிய கோளாறுகள் அதற்குப் பிந்தியவை. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்கு அமைத்துக்கொடுத்த பாட்டரி இக்னிஷன், சிறு சிறு திருத்தங்களோடு அறுபது ஆண்டுகள் உலகை ஆண்டது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்து பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றிலும் இதே ஏற்பாடுதான். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு சிறு சுவிட்ச் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடும். அந்தச் சுவிட்சுக்குச் சி.பி. பாயின்ட் என்று பெயர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயிலில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உரிய பிளக்குக்குப் போகும். இந்தச் சாமான்களைத் தமிழ்நாட்டிலேயே செய்ய, பிரிட்டனின் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து 1961-இல் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையைத் தொடங்கின. லூகாஸ் மின்சாமான் நம்பமுடியாதது என்ற கேலியில் பிரிட்டிஷ் மோட்டார்காரர்கள் அதன் நிறுவனர் ஜோசப் லூகாஸுக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். கேலி முழுக்க நியாயமில்லை. மழையும் குளிரும் உப்புக் காற்றும் படும் இடத்தில் எந்தக் கம்பெனியின் கம்பியும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும்.

பாயின்ட்டின் இடைவெளி ஏறத்தாழ 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் சிகரெட் பெட்டி அட்டையைச் செருகிச் சரிபார்த்துவிடுவார்கள். பாயின்ட் கருகினால் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். இவை நேர்மையான கோளாறுகள்; கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றுக்காரன் பக்கத்தில் இருக்கும் கண்டன்சர். கட்டைவிரல் அளவு தகரக் குப்பிக்குள் உலோகத் தாளும் காகிதமும் சுருட்டி வைத்த சாமான் அது. பாயின்ட் திறக்கும்போது பொறி பறக்காமல் தாங்குவதே அதன் வேலை. சூடேறும்போது உள்ளே இணைப்பு விலகினால் பொறி மெலியும், வண்டி நிற்கும். ஆறியதும் இணைப்பு ஒட்டிக்கொள்ளும். காயிலும் இதே குணம் உடையது: உள்சுருளில் மயிரிழை முறிவு இருந்தால் சூட்டில் விரிந்து, குளிர்ந்ததும் கூடும். அரைமணி ஓடி நின்று, கால்மணி ஆறி ஓடும் வண்டி என்றால் பழைய கைகள் முதலில் இந்த இரண்டின் மேல்தான் கை வைப்பார்கள். கண்டன்சர் விலை அற்பம் என்பதால் டாக்சிக்காரர்கள் டேஷ்போர்டில் ஒன்றை உபரியாகவே வைத்திருந்தார்கள்.

இதைவிடத் தந்திரமானது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், விரல் நீளம்கூட இல்லாத ஒரு மெல்லிய ஒயர். வெளிக் கம்பியிலிருந்து பாயின்ட்டுக்குக் கரண்ட் கொண்டுபோவது அதுதான். ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப, வெற்றிட இழுப்பால் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு இப்படியும் அப்படியும் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்த ஒயர் வளையும். சில ஆண்டுகளில் உறைக்குள்ளேயே இழைகள் அறுந்துவிடும்; வெளியே பார்த்தால் ஒயர் புதிதுபோல இருக்கும். தட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும்போது மட்டும் இழைகளின் முனைகள் விலகும். வண்டி ஒரே அளவு ஆக்சிலரேட்டரில் மட்டும் அணையும், மற்ற நேரத்தில் ராஜாபோல ஓடும். மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு விரலால் அந்த ஒயரை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். அறுந்த ஒயர் ரப்பர்போல நீளும். இதைச் சொல்லிக்கொடுத்த பாடப்புத்தகங்கள் குறைவு. பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக்கொடுத்த பையன்கள் கற்றுக்கொண்டார்கள்.

நின்ற இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனை அன்று எல்லா டிரைவருக்கும் தெரிந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த ஒயரைப் பிடுங்கி, அதன் முனையை என்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒருவர் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் 'டிக் டிக்' என்று நீலப் பொறி தாவ வேண்டும். தாவினால் கரண்ட் இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து தாவினால் கண்டன்சர் மேல் சந்தேகம். பொறி சரி என்றால் கார்புரேட்டரில் வந்து சேரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, பொறி படாத தூரத்தில் ஒரு டம்ளரில் பிடித்துச் சுற்றினால் பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் வண்டி நின்ற உடனே வர வேண்டும். ஆறிய பிறகு செய்த சோதனை செய்யாததற்குச் சமம்.

நிற்கும் விதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும் என்பதும் பழைய டிரைவர்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று நிற்கும். பெட்ரோல் போனால் வண்டி இழுவை குறைந்து, இருமி, இரண்டு மூன்று குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் நிற்கும். வேகத்தில் நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் அணைந்தால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. ஏற்றத்தில் மட்டும் நின்றால் பம்ப் பலவீனம். இருபது மைல் ஓடி நின்று, டாங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகாததால் வெற்றிடம் பிடித்து இழுத்திருக்கிறது. டாங்க்குக்குள் ஓர் இலைச் சருகோ காகிதத் துண்டோ கிடந்தாலும் இதே கூத்து நடக்கும்: ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், வண்டி நின்றதும் உதிர்ந்து மிதக்கும். இதைக் கண்டுபிடிக்க டாங்க்கையே இறக்க வேண்டியிருந்தது. டீசல் வண்டியில் காற்று புகுந்து நின்றால் கைப்பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினால் போதும். தேடலில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

வெயில் நாடுகளுக்கே உரிய வியாதி வேப்பர் லாக். ஃபியட்டிலும் பிற்கால அம்பாசடரிலும் பெட்ரோல் பம்ப் என்ஜினின் பக்கவாட்டிலேயே திருகப்பட்டிருந்தது. அது பின்பக்கத்து டாங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்குபவை. மே மாத மதியத்தில் மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறிலிருந்து குன்னூர் மலை ஏறும் வண்டியில் என்ஜின் தகிக்கும், வேகம் குறைவு, காற்றோட்டமும் குறைவு. பம்புக்குள் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிறையும். ஆவியைத் தள்ள அந்தப் பம்பால் முடியாது. அதனால்தான் மலைப்பாதை வளைவுகளில் பானெட்டைத் திறந்துவைத்து, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிக்கொண்டு நின்ற அம்பாசடர்களும் ஃபியட்களும் 1990-கள் வரை கோடைக்காலக் காட்சியாக இருந்தன. துணி காயும்போது அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, பம்பின் சூட்டையும் எடுத்துப்போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். சில டிரைவர்கள் மலை அடிவாரத்திலேயே துணியைக் கட்டிவிட்டு ஏறினார்கள். வைத்தியம் பலித்தால் நோய் வேப்பர் லாக் என்று உறுதி. அந்தத் துணியே சோதனைக் கருவியாகவும் இருந்தது.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் படிந்தால் உயர் மின்னழுத்தம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்து இறங்கிவிடும். பிரிட்டனில் 1959-இல் வந்த மினி கார் இதற்குப் பேர்போனது. என்ஜினைக் குறுக்காக வைத்ததால் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேரே அமைந்து, மழையில் தண்ணீர் நேராக அதன்மேல் தெறித்தது. இங்கே தேங்கிய தண்ணீரில் இறங்கி அணைந்த வண்டிகளுக்கு மூடியைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவதே மருந்து. இருட்டில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டால் ஒயர்களின் மேல் ஊதா நிறத்தில் ஒளி ஊர்வது தெரியும். எந்த ஒயர் கசிகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்நாடுகளில் இதே காலத்தில் பெரிய பட்டறைகளில் ஆசிலோஸ்கோப் திரையுள்ள என்ஜின் அனலைசர்கள் வந்தன. ஒவ்வொரு பிளக்கின் பொறியும் கோடாகத் தெரியும். இந்தியாவில் அவை அபூர்வம். இங்கே தொழிலே இரண்டாகப் பிரிந்திருந்தது: மெக்கானிக் ஒருவர், ஆட்டோ எலக்ட்ரீஷியன் இன்னொருவர். நின்று நின்று ஓடும் வண்டி இரண்டு கடைக்கும் நடுவில் பந்தாடப்பட்டது. மெக்கானிக் கரண்ட் கோளாறு என்பார், எலக்ட்ரீஷியன் கார்புரேட்டரைப் பாருங்கள் என்பார். கடைசியில் சென்னையானால் ஜி.பி. ரோட்டில் புதுச் சாமானோ புதுப்பேட்டையில் பழைய சாமானோ வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. காயிலை மாற்றும்போது பக்கத்திலிருந்த லூஸ் காண்டாக்ட் கையசைவில் இறுகிவிடும். வண்டி ஒரு மாதம் நிற்காது. பெயர் புதுக் காயிலுக்குப் போகும். பழுதில்லாத எத்தனையோ காயில்கள் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பாயின்ட்டையே ஒழித்தால் இந்தத் தொல்லை ஒழியும் என்று 1970-களில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. தேய்மானம் ஒழிந்தது, சூடேறினால் நிற்பது ஒழியவில்லை. இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவின் ஃபோர்டு வழக்கு. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஃபோர்டு தன் கார்கள் பலவற்றில் டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலைச் சூடான டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. சூடு மீறியதும் மாட்யூல் வேலையை நிறுத்தும், கார் நெடுஞ்சாலையில் அணையும். ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும். கழற்றிச் சோதனை மேசையில் வைத்தால் அங்கே சூடு இல்லை, கோளாறும் இல்லை. நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை புகார்களைப் பலமுறை விசாரித்து, காரணம் பிடிபடாமலே கோப்புகளை மூடியது. கலிஃபோர்னியாவின் அலமீடா மாவட்ட நீதிபதி மைக்கேல் பலாச்சி 2000-ஆம் ஆண்டில், கம்பெனிக்கு இந்தக் குறை தெரிந்திருந்தும் அரசிடம் மறைத்தது என்று தீர்ப்பளித்தார். 2001-இல் வழக்கு சமரசமானது. கண்டன்சர் அறுபது ஆண்டுகள் ஆடிய அதே ஆட்டம், இம்முறை கோடிக்கணக்கான டாலர் செலவில் ஆடி முடிந்தது.

இந்தியாவில் மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோலும் புதுக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. புகை விதிகள் இறுக, கார்புரேட்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த சான்ட்ரோ 1998-இல் எம்.பி.எஃப்.ஐ. என்ற, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாட்டோடு வந்தது. 1983-இல் கார்புரேட்டரோடு பிறந்த மாருதி 800-உம் 2000 வாக்கில் அதற்கு மாறியது. இந்த ஏற்பாட்டில் பம்ப் டாங்க்குக்குள்ளேயே மூழ்கியிருந்து, பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளும். உறிஞ்சும் குழாய் இல்லை, வேப்பர் லாக்கும் ஏறக்குறைய இல்லை. ஈரத்துணி மலைப்பாதையிலிருந்து மறைந்தது.

வேறு ஒன்று அதன் இடத்துக்கு வந்தது. என்ஜின் எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சார். பல வண்டிகளில் இது காந்தத்தின் மேல் சுற்றிய மெல்லிய செப்புச் சுருள்தான். என்ஜினின் சூடான மூலையில் உட்கார்ந்திருக்கும். சுருளில் முறிவு இருந்தால் சூட்டில் விரியும், கம்ப்யூட்டருக்குச் செய்தி நிற்கும், அது பொறியையும் பெட்ரோலையும் ஒருசேர நிறுத்திவிடும். கால்மணி ஆறினால் வண்டி மறுபடி ஓடும். பழைய காயிலின் பேரன் என்று இதைச் சொல்லலாம். கைவைத்தியமும் பழையதே: வண்டி நின்றவுடன் சென்சார் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள், உடனே ஸ்டார்ட் ஆனால் சென்சார்தான். 1980-90-களின் ஹோண்டா கார்களில் பம்புக்குக் கரண்ட் தரும் மெயின் ரிலேயின் ஈயப்பற்றில் மயிரிழை விரிசல் விழுந்தது. வெயிலில் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகாது. கதவைத் திறந்து உள்சூட்டைப் போகவிட்டால் ஆகும். சால்டரிங் இரும்பு வைத்திருந்தவர்கள் புது ரிலே வாங்காமலே சரிசெய்தார்கள்.

தடயத்தை வண்டியே குறித்துக்கொள்ளும் ஏற்பாடு கலிஃபோர்னியாவில் 1980-களின் இறுதியில் புகைக்கட்டுப்பாட்டு விதியாகத் தொடங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுதும் ஓ.பி.டி.-2 என்ற பொது முறையானது: ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கோட் மொழி. இந்தியாவில் பி.எஸ்.-4 புகை விதிக்கு உட்பட்ட கார்களுக்கு 2010 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டின் முதல் நிலையும் 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. கோளாறு பதிவானபோது என்ஜின் வேகம், வண்டி வேகம், சூடு, சுமை எவ்வளவு என்பதையும் கம்ப்யூட்டர் ஒரு புகைப்படம்போல எடுத்து வைக்கும். டிரைவரின் நினைவை நம்பியிருந்த தொழிலுக்கு இது பெரிய மாற்றம்தான்.

ஆனால் கோட் எந்தச் சர்க்யூட் என்று சொல்லுமே தவிர எந்தப் பாகம் என்று சொல்லாது. பி0335 என்றால் கிராங்க் சென்சாரின் செய்தி வரவில்லை என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், கனெக்டரில் பச்சை பிடித்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். கோட் எண்ணைப் படித்தவுடன் சென்சாரை மாற்றுவது, காயிலை மாற்றிப் பார்த்த பழைய பழக்கத்தின் புது வடிவம். அதைவிடப் பயனுள்ளது, மலிவான ப்ளூடூத் கருவியைச் சாக்கெட்டில் செருகி, செல்போனில் பல நாள் ஓட்டத்தைப் பதிவு செய்வது. நின்ற நொடியின் வரிசையைத் திரும்பப் பார்க்கும்போது, வண்டி கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருக்க என்ஜின் வேகம் மட்டும் ஒரே நொடியில் பூஜ்யமானால் கிராங்க் சென்சாரின் செய்தி அறுந்திருக்கிறது. சக்கரம் இழுக்க என்ஜின் உண்மையில் சுழன்றுகொண்டேதான் இருக்கும். படிப்படியாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். சட்டென்று நிற்பதையும் இருமி நிற்பதையும் வைத்து டாக்சிக்காரர் சொன்ன தீர்ப்பு, இப்போது வரைபடமாக வருகிறது.

கம்ப்யூட்டருக்கே கரண்ட் போய்விட்டால் அந்தப் புகைப்படமும் கிடையாது. 2000-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சிறு கார்கள் சிலவற்றில், சாவி சுவிட்சின் உள் ஸ்பிரிங் தேவையான அழுத்தம் தரவில்லை. கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடியோ போதும். சாவி 'ரன்' நிலையிலிருந்து நழுவி, என்ஜினும் பவர் ஸ்டீயரிங்கும் செத்து, ஏர்பேகும் விரியாமல் போகும். கம்பெனி இதை ஆரம்பத்தில் வாடிக்கையாளரின் வசதிக்குறைவு என்ற தலைப்பில் வகைப்படுத்தியது. விஸ்கான்சின் மாநில நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் 2007-இல் எழுதிய விபத்து அறிக்கையிலேயே சாவி நிலையைக் குறிப்பிட்டிருந்தார், யாரும் பின்தொடரவில்லை. 2010-இல் ஜார்ஜியாவில் ஓர் இளம்பெண் இறந்த வழக்கில், குடும்பத்தின் வழக்கறிஞருக்காக வேலை செய்த பொறியாளர் பழைய காரின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்து அளந்தார். பாக எண் ஒன்றுதான். உள்ளே இருந்த ஸ்பிரிங் நீளம் வேறு. குறையைக் கம்பெனி 2006-இல் எண்ணை மாற்றாமலே திருத்தியிருந்தது. 2014-இல் தொடங்கிய திரும்ப அழைப்பு சுமார் 26 லட்சம் கார்களைத் தொட்டது. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. வழியில் நிற்கும் கார் வெறும் தொந்தரவு அல்ல என்பதை விளக்க இதைவிட வலுவான ஆவணம் இல்லை.

அதன் பிறகு கம்பெனிகள் முந்திக்கொள்ளத் தொடங்கின. ஜப்பானின் டென்சோ செய்த டாங்க் பம்புகளில் பெட்ரோலை வெளியே தள்ளும் பிளாஸ்டிக் இறகுவட்டு, பெட்ரோலையே உறிஞ்சிப் பருத்து, கூட்டில் உரசி நின்றுபோகும் குறை தெரியவந்தது. உலகெங்கும் பல கம்பெனிகள் கார்களைத் திரும்ப அழைத்தன. இந்தியாவில் ஹோண்டா 2020-இல் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களையும், 2021-இல் சுமார் 78 ஆயிரம் கார்களையும் பம்ப் மாற்ற அழைத்தது. வண்டி வழியில் நின்றதா, எப்போது, எந்த இடத்தில் என்ற விசாரணை அங்கே தேவைப்படவில்லை. சேசிஸ் நம்பர் பட்டியலில் இருந்தால் பம்ப் இலவசமாக மாற்றப்பட்டது.